அம்மா அனுப்பியதை விட்டுவிடுங்கள்

சாமி,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். வராதே. பெங்களூரிலிருந்து பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய்துவிடு. போர்டு தப்பாக வந்ததைக் கேட்டதும், வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதாக அப்பாவிடம் தனியாகச் சொன்னாயாமே, அந்தப் பேச்சை அத்தோடு விடு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நான் எழுந்து போய்விடுவேன், சொல்ல வந்தது நின்றுவிடும். காலையிலிருந்து இந்தத் தாள் முன்னால் உட்காருகிறேன், எழுந்து அடுப்பைப் பார்க்கிறேன், பட்டறைக் கதவைத் திறக்கிறேன், மூடுகிறேன். "ஏம்புள்ள, கால்ல சக்கரமா கட்டியிருக்குது?" என்று உங்கப்பா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. உன் மேல் கோபம். என் மேல் வெட்கம். இரண்டும் மாறி மாறி வருகின்றன.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு ஒன்று அனுப்பிவிட்டு, இன்னொரு பிரதியைப் பட்டறைச் சுவரில் ஒட்டப்போகிறேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கட்டும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதை எனக்கு மட்டும் இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது. இனிமேல் இந்த வீட்டில் இந்த விஷயத்தில் ரகசியம் வேண்டாம்.

சுவரில் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நாமக்கல்லில் கோழிப்பண்ணை இல்லாத பக்கம் எது? இப்போது எல்லாரும் நான்கு பக்கமும் அடைத்த கொட்டகைக்கு மாறுகிறார்கள். உள்ளே பெரிய பெரிய மின்விசிறிகள். கோடையில் கரண்ட் போய் விசிறி நின்றால், கோழிகள் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. நாங்கள் செய்வது, கரண்ட் போனதும் ஜெனரேட்டரை ஓடவைத்து, பண்ணைக்காரருக்குப் போன் அடிக்கிற ஒரு போர்டு. அதில் ரிலே, டிரான்ஸ்பார்மர், ஒயர் மாட்டுகிற டெர்மினல் என்று பல சாமான்கள். ஒவ்வொரு சாமானும் போர்டில் எந்த இடத்தில் எப்படி உட்கார வேண்டும், அதன் கால்களுக்கு எங்கே துளை, துளையைச் சுற்றி எவ்வளவு செம்பு என்று கம்ப்யூட்டரில் வரைந்து வைக்க வேண்டும். அந்த வரைபடத்துக்குப் பெயர் புட்பிரிண்ட். பெரிய கம்பெனிச் சாமானுக்கெல்லாம் சாப்ட்வேரிலேயே தயாராக இருக்கும். நாங்கள் சேலத்துக் கடைகளில் வாங்குகிற சாமான் பாதிக்கு ஒரு காகிதமும் வராது. அளந்து நாமே வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

நான் எப்படி வரைவேன் என்று உனக்குத் தெரியும். வெர்னியர் அளவுகோல் வைத்துச் சாமானின் காலை அளப்பேன். வரைந்ததை அதே அளவில் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் ஒட்டி, சாமானின் கால்களை அதில் குத்திப் பார்ப்பேன். எல்லாக் காலும் இறங்கினால் சரி. டிப்ளமோ படித்துவிட்டு வந்த நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். நீ வாங்கிக் கொடுத்த, அளவை எண்ணாகத் தானே காட்டுகிற வெர்னியரை நான் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. பேட்டரி தீர்ந்தால் பொய் சொல்லும் என்று உன்னிடம் சண்டை பிடித்தேன். உண்மையில் அதை எடுத்தால் என் கண்ணைப் பற்றி நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று இருந்தது.

நீ பெங்களூருக்குப் போன பிறகு தினம் சாயங்காலம் போன் செய்வாய். "சாப்பிட்டியா" என்று கேட்பாய், அடுத்த கேள்வி, "பைல் அனுப்பிட்டியாம்மா? எனக்கும் ஒரு காப்பி போட்டுரு." ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. இவன் இல்லாவிட்டால் இந்தப் பட்டறையில் வேலை நடக்காதா, இவன் பிறப்பதற்கு முன்னால் யார் நடத்தினார்கள் என்று உங்கப்பாவிடம் கத்தினேன். அவர் வழக்கம் போலக் கோழியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நாம் வாங்குகிற டெர்மினல் கடையில் நின்றுபோய், வேறு ஒரு வகையைக் கொடுத்தார்கள். நானே அளந்தேன், நானே வரைந்தேன், தெர்மாகோலில் குத்தினேன், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கோயம்புத்தூரில் நமக்குப் போர்டு அடித்துத் தருகிற கம்பெனிக்கு அனுப்பினேன். வீம்புக்கு உன் பெயரைக் காப்பியிலிருந்து எடுத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ கேட்டபோது, இன்னும் முடியவில்லை என்று பொய் சொன்னேன்.

போர்டு வந்தது. பெட்டியைப் பிரித்து ஷகீலா முன்னால் வைத்தேன். இத்தனை வருடமாக நமக்கு ஈயம் உருக்கிச் சால்டர் வைக்கிறவள், கை பழகிய வேகத்தில் ஒரு டெர்மினலை எடுத்து அழுத்தினாள். இறங்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"அக்கா, இது எறங்க மாட்டேங்குதுக்கா."

"அழுத்து. புதுத் துளை, அப்படித்தான் இருக்கும்."

"அழுத்துனா காலு மடங்குதுக்கா. நீங்களே பாருங்க."

நானும் அழுத்திப் பார்த்தேன். ஒரு போர்டிலும் போகவில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை, கேட்டுக்கொள். கம்பெனிக்காரன்தான் துளையைச் சின்னதாகப் போட்டுவிட்டான் என்று நேராகப் போனை எடுத்தேன். ஆர்டர் பார்க்கிற அந்தப் பெண் எடுத்தாள். நல்ல பிள்ளை, பேச்சில் ஒரு மரியாதை இருக்கும். அவளை வாய்க்கு வந்தபடி பேசினேன். கண்ணை மூடிக்கொண்டா வேலை செய்கிறீர்கள் என்றேன். என் போர்டு இதுவரை ஒருமுறைகூடத் தப்பாக வந்ததில்லை, இப்போது மட்டும் எப்படி வந்தது என்றேன். அவள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், நீங்க அனுப்புனபடியேதானுங்க போட்டிருக்கோம். எப்பவும் உங்க பைலு வந்து கொஞ்ச நேரத்துல உங்க பையன் வேறொரு பைலு அனுப்புவாருங்க. 'அம்மா அனுப்பினதை விட்டுருங்க, இதைப் போடுங்க'ன்னு எழுதியிருப்பாருங்க. இந்தவாட்டி ஒண்ணும் வரலீங்க. வரும்னு நாங்களும் ஒரு நாள் பொறுத்துப் பார்த்தமுங்க."

எப்பவுமா என்று கேட்டேன். "ஆமாங்க, எனக்குத் தெரிஞ்சு எப்பவுமேங்க" என்றாள். நான் போனை வைத்தேனா, அவள் வைத்தாளா, நினைவில்லை. வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதே, அப்படி உட்கார்ந்திருந்தேன். பிறகு டெர்மினலை எடுத்து ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோய், ஷகீலாவின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். கால் சதுரம். நான் உருண்டை என்று நினைத்து, ஒரு பக்கத்தை மட்டும் அளந்து, அதே அளவுக்குத் துளை வரைந்திருக்கிறேன். சதுரக் கால் என்றால் மூலைக்கு மூலை அளக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என் கண்ணுக்கு மூலை தெரியவில்லை. தெர்மாகோலுக்கு மூலையைப் பற்றிக் கவலை இல்லை, எதைக் குத்தினாலும் வழி விடும்.

ஷகீலாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்குத் தெரியுமா?" என்றேன். "எல்லாருக்கும் தெரியும்க்கா. உங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்றாள். பண்ணைக்குப் போய் போர்டு மாட்டிவிட்டு வந்த உங்கப்பாவைப் பிடித்தேன். வண்டியை நிறுத்தக்கூட விடவில்லை. "தெரியும் புள்ள," என்றார். "நீ கத்துவேன்னு அவந்தான் சொல்லாதீங்கப்பான்னான். எனக்கு மட்டும் திட்டு வாங்கோணும்னு ஆசையா?" நான் அழுதேன். அவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததா, வந்து குத்தியதா என்று தெரியவில்லை. பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் நம் போர்டை மேசையில் வைத்து விளக்கினேன் அல்லவா? "என் டிராயிங்ல போன போர்டு ஒண்ணுகூடத் திரும்பி வந்தது இல்லீங்க" என்று மைக்கில் சொன்னேன். கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு, ஒரு கையால் தொடையில் தட்டினாய். நான் அதைப் பார்த்து, பையனுக்கு அம்மாவை நினைத்து எவ்வளவு பெருமை என்று பூரித்தேன். அன்றைக்கு உன் மனசில் என்ன ஓடியது? சிரிப்பா? பாவம் என்று இருந்ததா? இதைக் கேட்டால் நீ உண்மையைச் சொல்ல மாட்டாய், அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஓசூரில் வேலை கிடைத்தபோது, தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றாய். சென்னையில் கிடைத்தபோது, வெக்கை தாங்காது என்றாய். நாமக்கல்லில் பிறந்தவன் வெக்கைக்குப் பயப்படுகிறானாம்! வாழப்பாடி அத்தை வந்திருந்த அன்று, அவர்கள் முன்னாலேயே உன்னை முதுகெலும்பு இல்லாதவன் என்றேன். அம்மா முந்தானையை விட்டு நகராத பிள்ளை என்றேன். நீ தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். இப்போது தெரிகிறது, நீ போனால் அடுத்த போர்டே தப்பாக வரும் என்று தெரிந்துதான் நீ போகவில்லை. கடைசியில் போனதும் நான் துரத்தித் துரத்திப் போனதுதான். அதற்குப் பிறகும் தினம் சாயங்காலம் காப்பி கேட்டாய். என் சாமி, அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அத்தை இந்த முறை வரும்போது அவர்கள் முன்னாலேயே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் உன்னைக் கும்பிட்டு முடித்துவிடுவேன் என்று நினைக்காதே. கோபமும் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது இனிமேல்தான் வருகிறது. உண்மை தெரிந்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அலமாரியில் இருக்கிற பழைய போர்டுகளை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். கம்ப்யூட்டரில் என் டிராயிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானாக ஒப்பிட்டேன். உன் வெர்னியரையும் பெட்டியிலிருந்து எடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, பெரிய பெரிய எண். நீ செய்த திருத்தம் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது உன் மேல் மரியாதை கூடியது. ரிலேயின் துளையை அளவாகப் பெரிதாக்கியிருக்கிறாய். டெர்மினலின் வாய் போர்டின் உள்பக்கம் பார்க்கும்படி நான் வைத்திருந்ததை வெளிப்பக்கம் திருப்பியிருக்கிறாய். அப்படியே போயிருந்தால் பண்ணையில் ஒயரை எங்கே மாட்டுவது? சாமானின் கால்களை மட்டும் வரைந்துவிட்டு, அதன் உடம்பு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று வரையாமல் விடுவது என் பழக்கம். நீ ஒவ்வொன்றுக்கும் உடம்பை வரைந்து, பக்கத்தில் இருப்பதை நகர்த்தியிருக்கிறாய்.

அப்படியே பார்த்துக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்கு வந்தேன். என் டிராயிங்கில் துளைகள் ஒரு இடத்தில் இருக்கின்றன. போர்டில் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன. எது சரி என்று சாமானை எடுத்து அளந்தேன், திரும்ப அளந்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என்னுடையது சரி, சாமி. நீதான் தப்பு. நீ ஏதோ ஒரு கம்பெனியின் படத்தைப் பார்த்து மாற்றியிருக்கிறாய். நாம் வாங்குவது சேலத்தில் கையால் கம்பி சுற்றித் தருகிற டிரான்ஸ்பார்மர், அதன் கால் வேறு. அதனால்தான் நம் போர்டில் டிரான்ஸ்பார்மர் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். ஷகீலா காலை வளைத்து வளைத்து இறக்குவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரான்ஸ்பார்மர்க்காரர் ஒழுங்காகச் சுற்றுவதில்லை என்று அவர் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். "என்னுது நேராத்தானுங்க இருக்குது, உங்க ஓட்டையைப் பாருங்க" என்றார் அவர். என் ஓட்டையையா சொல்கிறீர்கள் என்று இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு வந்தேன். இப்போது அவரிடம் போய் நிற்க வேண்டியது நீயா நானா?

சிரிக்காதே. இதில்தான் நான் உனக்குச் சொல்ல வந்தது இருக்கிறது. நீ எனக்குத் தெரியாமல் திருத்தினாய். அதனால் நான் தப்பே செய்யாதவள் என்று எனக்கு நினைப்பு. நான் அளப்பதை மாற்றிக்கொள்ளவில்லை, மூக்குக்கண்ணாடியை மாற்றவில்லை, இத்தனை வருடத்தில் ஒரு புதுப் பாடம் படிக்கவில்லை. நீ யாருக்கும் காட்டாமல் திருத்தினாய். அதனால் உன் தப்பையும் யாரும் பார்க்கவில்லை. அது வருடக்கணக்காகப் பண்ணைச் சுவர்களில் சாய்ந்து நிற்கிறது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என்னை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டாய். பாசத்தில் செய்ததுதான், எனக்குத் தெரியும். நான் கத்துவேன் என்று பயந்து செய்ததும் கூடத்தான். நீ காலேஜ் முடித்து வந்த புதிதில் ஒரு துளையைப் பெரிதாக்கச் சொன்னபோது, ஷகீலா முன்னால் உன்னை எப்படிப் பேசினேன் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் நான் கத்தினால் கத்தட்டும் என்று நீ நின்றிருக்க வேண்டும். நான் கத்துவேன், அரை மணி நேரம் போனால் திருத்துவேன். என்னை உனக்குத் தெரியாதா?

அங்கே கம்பெனியில் உன் பக்கத்தில் உட்காருகிறவன் ஒரு புட்பிரிண்டைத் தப்பாக வரைந்தால், அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் நீ சரி செய்து வைத்துவிட்டு வராதே. கூப்பிட்டுக் காட்டு. அவன் முகம் வாடும், வாடட்டும். உன்னுடையதையும் அவனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல். தப்பு ஒன்றும் இல்லை என்று அவன் சீக்கிரம் சொல்லிவிட்டால், இன்னொருவனிடம் கொடு. பெரியவர், சின்னவர், வேண்டியவர் என்று இதில் பார்க்காதே. கல்யாணம் ஆகி வருகிறவளிடமும் இதேதான். அவள் செய்வது தப்பென்று உனக்குப் பட்டால் வாயைத் திறந்து சொல்லு. அவளும் உனக்குச் சொல்லட்டும். கத்தினால் கத்திக்கொள்ளுங்கள்.

நடுவில் எழுந்து போய்விட்டேன். புதுச்சத்திரத்துப் பழனிச்சாமி அண்ணன் போன். அவருடைய புதுக் கொட்டகைக்கு நம் போர்டுதான் போக வேண்டும், நீ போவதற்கு முன்னால் ஒப்புக்கொண்டது. "ஏனுங்க அம்மிணி, கத்திரி வெயில் வந்தா என்ர கோழியெல்லாம் என்னாகும்? ஆளுக்கு ஒரு ராத்திரின்னு நானும் என்ர பொண்டாட்டியும் கொட்டாயிலதான் படுத்துக் கெடக்கறம். கரண்டு போனா எந்திரிச்சு ஓடோணுமுல்ல" என்றார். தப்பாகப் போய்விட்டது, என் அளவு தப்பு, திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "செரிங்க, சீக்கிரம் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். என் அளவு தப்பு என்று ஒரு பண்ணைக்காரரிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

டெர்மினலைப் புதிதாக வரைந்துவிட்டேன். மூலைக்கு மூலை அளந்து, கால் தாராளமாக இறங்கும்படி துளை வைத்திருக்கிறேன். வாய் வெளிப்பக்கம் பார்க்கிறது. உடம்பும் வரைந்திருக்கிறேன். ரிலே முதலான மற்றதையும் நீ திருத்தியிருந்தபடியே மாற்றிக்கொண்டேன். டிரான்ஸ்பார்மரை மட்டும் நான் வரைந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன், அதில் உன்னிடம் விவாதத்துக்கு இடமில்லை. தெர்மாகோலில் குத்தவில்லை, உங்கப்பா ஒரு பழைய போர்டில் துளை போட்டுக் கொடுத்தார், அதில் இறக்கிப் பார்த்தேன். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கோயம்புத்தூருக்குப் போனால்தான் கத்திரிக்கு முன்னால் போர்டு கைக்கு வரும். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். கையோடு, என் பையன் எதையாவது அனுப்பினால் எடுக்காதே என்றும் சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "காலையிலயே போன் பண்ணாருங்க மேடம். அம்மா பைலு வந்தா மொதல்ல எனக்கு அனுப்புங்கன்னு சொன்னாருங்க" என்றாள். உன்னை என்ன செய்வது? அங்கே உட்கார்ந்துகொண்டு அவளைப் பிடிக்கிறாய்!

அவளைத் தொந்தரவு செய்யாதே. நானே அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைப் போனில் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறேன், அதோடு அந்தக் கோப்பும் வருகிறது, கோயம்புத்தூருக்கு இன்னும் போகவில்லை. உனக்குத்தான் முதலில். திற, ஒவ்வொரு துளையாகப் பார், நான் அளந்ததை நம்பாதே. ஆனால் ஒரு புள்ளியைக்கூட நீ நகர்த்தக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய். ஷகீலாவும் உங்கப்பாவும் பக்கத்தில் இருப்பார்கள், ஸ்பீக்கரில் போடுகிறேன். எங்கே தப்பு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லு. நான் ஒருவேளை கத்துவேன். நீ நிறுத்தாதே, கடைசி வரைக்கும் சொல்லு. திருத்துவது என் வேலை. நீ சொல்லி முடித்துவிட்டு, போனை வைத்துவிட்டு, உன் வேலையைப் பார்க்கப் போ.

அம்மா